ஏற்றிய ஜிப்ஸியை இறக்கும் வேலை

மழை ஓய்ந்து நவராத்திரி நெருங்கும்போது என் பட்டறைக்கு ஒரே மாதிரி விசாரிப்பு வர ஆரம்பிக்கும். "அண்ணே, செகண்ட் ஹேண்ட்ல ஜிப்ஸி வாங்கியிருக்கேன். யாரோ லிஃப்ட் போட்டு வச்சிருக்காங்க. ஹைட்டை இறக்கித் தர முடியுமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் மும்பையின் மாட்டுங்கா, சயான், செம்பூர்ப் பிள்ளைகள். முதலில் வைத்திருந்தவர் கர்ஜத் பக்கத்துச் சேற்றில் விளையாடுவதற்காக நாலைந்து அங்குலம் தூக்கியிருப்பார். வாங்கியவருக்கோ தெலங் ரோட்டிலும் கிங்ஸ் சர்க்கிள் சிக்னலிலும்தான் ஓட்டம். போன வருஷம் அப்படி ஒரு தம்பியோடு அவன் பாட்டியும் வந்திருந்தார். "வண்டி நன்னாத்தான் இருக்கு. ஆனா ஆஸ்திக சமாஜம் கோயிலுக்குப் போகணும்னா நான் இதுல எப்படிப்பா ஏறுவேன்?" என்றார். நியாயமான கேள்வி. மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் வண்டி நிறுத்தும் கொட்டகைகளின் கூரையும் தாழ்வு. கான்வாஸ் கூரை உத்திரத்தில் உரசிக் கிழிந்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

ஏற்றுவதை ஒரு நாளில் முடித்துவிடலாம். இறக்குவதற்கு முன்னால் ஏற்றியவர் என்னென்ன மாற்றினார் என்று கண்டுபிடித்தாக வேண்டும். அதை யாரும் எழுதி வைப்பதில்லை. விற்றவரைக் கேட்டாலும் தெரியாது. உயரம் கொடுத்த பாகத்தை மட்டும் கழற்றிவிட்டு, அந்த உயரத்துக்காக மாற்றிய மற்ற பாகங்களை அப்படியே விட்டால் வண்டி இரண்டுங்கெட்டானாகிவிடும். லிஃப்ட் போட்ட வண்டியைவிடப் பாதி இறக்கிய வண்டியைக் கண்டுதான் எனக்குப் பயம்.

மாருதி ஜிப்ஸி 1985-இல் வந்தது. 1996-இல் 1.3 லிட்டர் எஞ்சினோடு ஜிப்ஸி கிங். ராணுவமும் போலீசும் ஓட்டிய வண்டி. அடிப்படை எளிமையானது: முன்னாலும் பின்னாலும் ஒரே துண்டான அச்சு, நான்கு மூலையிலும் கமான் பட்டை. கம்பெனி விட்ட நிலையில் பட்டைக்கட்டு அச்சுக்குக் கீழே இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவை யு போல்ட்டுகள். பட்டையின் ஒரு முனை சேஸில் நிலையாக மாட்டியிருக்கும். மறுமுனை ஷேக்கிள் என்ற ஊசலாடும் தகட்டில் தொங்கும். பட்டை அமுங்கும்போது அதன் நீளம் கூடுமல்லவா, அதற்கு ஷேக்கிள் இடம் கொடுக்கும்.

இந்த அமைப்பில் உயரம் கூட்டப் பல வழிகள் உண்டு. மலிவானது நீளமான ஷேக்கிள். ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஒரு அங்குலம்தான் ஏறும், ஏனென்றால் அச்சு பட்டையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைப்பவர்கள் உண்டு. கூடுதல் பட்டை சேர்ப்பவர்கள், பழைய பட்டைக்கே வளைவு ஏற்றுபவர்கள் உண்டு. என் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் பட்டை அடித்தவர். பழுக்கக் காய்ச்சி வளைத்த பட்டையை முறைப்படி எண்ணெயில் குளிரவைத்து மறுபடி பதமாகச் சூடேற்றாவிட்டால் எஃகு தன் விறைப்பை இழந்துவிடும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அப்படி அரைகுறையாக வளைத்த பட்டையை நான் தட்டி நேராக்குவதில்லை. கழற்றிப் போட்டுவிட்டுப் புதுப்பட்டை வாங்கச் சொல்கிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம், பட்டையை அச்சுக்கு மேலே கொண்டுபோவது. இதில் ஜிப்ஸி ஐந்து அங்குலம் வரை ஏறிவிடும். இதற்கு அச்சுக் குழாயின் மேற்புறம் புதிதாக இரும்பு மேடை வெல்டு வைக்க வேண்டும். திரும்ப இறக்க வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, கீழே இருந்த பழைய மேடை இன்னும் இருக்கிறதா என்பதைத்தான். சிலர் கல்லில் இடிபடாமல் இருக்க அதை அறுத்து எறிந்திருப்பார்கள். அறுத்திருந்தால் மறுபடி வெல்டு வைக்க முயல வேண்டாம், நல்ல நிலையில் உள்ள பழைய அச்சு ஒன்றைக் குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் தேடுங்கள் என்பேன். மெல்லிய குழாய் அது. மீண்டும் மீண்டும் சூடு பட்டால் வளையும். வளைந்த அச்சு ஆயில் சீலையும் பேரிங்கையும் தின்றுகொண்டே இருக்கும்.

ஆகவே ஸ்பேனரை எடுக்கும் முன் டேப்பை எடுக்க வேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, சக்கர நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளக்கிறேன். தரையிலிருந்து அளந்தால் டயர் உயரமும் சேர்ந்து குழப்பும். ஜிப்ஸி கிங்கின் 205/70 ஆர்15 டயர் விட்டம் சுமார் 668 மி.மீ. லிஃப்ட் போட்டவர்கள் விரும்பும் 31 அங்குல டயர் சுமார் 787 மி.மீ. வித்தியாசத்தில் பாதி, ஏறக்குறைய 60 மி.மீ., சஸ்பென்ஷனைத் தொடாமலே கிடைத்த உயரம். பாட்டி ஏற வேண்டும் என்பதற்குப் பழைய அளவு டயரே பாதிப் பதிலாகிவிடலாம். பெரிய டயரோடு ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 70-ஐத் தொட்டிருக்கும் என்பதையும் பலர் அறிவதில்லை. சேஸுக்கும் உடலுக்கும் நடுவே தக்கை வைத்துத் தூக்கியிருக்கிறார்களா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

இப்போது தொடர் விளைவுகளுக்கு வருகிறேன். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க், கம்பெனி உயரத்தில் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருக்கும். வண்டி ஏறினால் அது சாய்ந்துவிடும். ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கும். அதைச் சரிக்கட்ட இரண்டு மடிப்பு வைத்து வளைத்த ராடு போடுவார்கள். உயரத்தை இறக்கிவிட்டு அந்த வளைந்த ராடை விட்டுவைத்தால் சாய்வு எதிர்ப்பக்கம் வந்துவிடும். ராடு பட்டையில் இடிக்கவும் செய்யும். முன் ஷேக்கிளை நீட்டியிருந்தால் அச்சு லேசாகச் சுழன்று கேஸ்டர் கோணம் குறைந்திருக்கும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புவது அந்தக் கோணத்தால்தான். அதற்காக ஆப்புத் தகடு செருகியிருப்பார்கள். அதையும் தேடி எடுக்க வேண்டும்.

அச்சுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சாப்ட்டுகளை யாரும் நினைப்பதேயில்லை. ஜிப்ஸியில் கியர் பாக்ஸ் தனி, டிரான்ஸ்ஃபர் கேஸ் தனி. இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டி சாப்ட். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று. வண்டி ஏறும்போது அச்சுக்குப் போகும் சாப்ட்டுகள் எட்டாமல் போகும் என்று முனையில் ஸ்பேசர் வட்டு வைப்பார்கள். இறக்கியபின் ஸ்பேசர் அங்கேயே இருந்தால், வேகத்தடையில் பட்டை அமுங்கும்போது சாப்ட் உள்ளே போக இடமில்லாமல் டிரான்ஸ்ஃபர் கேஸை இடிக்கும். பேரிங் உடையும் சத்தத்தோடுதான் ஆளுக்கு விஷயம் தெரியவரும். நீள ஷாக் அப்சார்பரும் இதே கதைதான்: பம்ப் ரப்பர் தொடுவதற்கு முன்பே ஷாக் முழுதாக உள்ளே போய் முட்டி, மாட்டியிருக்கும் பிராக்கெட்டைப் பிய்த்துவிடும். நீளமாக்கிய பிரேக் ஹோஸ் தொங்கி டயரில் உரசுகிறதா என்று ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பிப் பார்க்காமல் நான் வண்டியை வெளியே விடுவதில்லை.

வேலை நடக்கும்போது பார்க்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. பட்டையின் கண்ணுக்குள் ரப்பர் புஷ் இருக்கும். வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போதே பையன்கள் ஷேக்கிள் நட்டை முறுக்கி முடித்துவிடுவார்கள். அப்போது ரப்பர் அந்தத் தொங்கும் நிலையிலேயே இறுகிப் பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு அச்சை மேலே வரவிடாமல் தடுக்கும்; அளந்தால் அரை அங்குலம் உயரமாக நிற்கும்; கொஞ்ச நாளில் புஷ் கிழியும். நட்டைக் கையால் மட்டும் ஏற்றி, நான்கு சக்கரமும் தரையில் நிற்க, பம்பரைப் பிடித்து நாலு தரம் அமுக்கி ஆட்டிவிட்டு, வண்டியின் முழு எடையும் பட்டையில் உட்கார்ந்தபிறகுதான் முறுக்க வேண்டும். பட்டையின் சென்டர் போல்ட் தலை மேடையின் குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் அதே நேரத்தில்தான். அது விலகியிருந்தால் அச்சு கோணலாக நிற்கும், வண்டி நண்டு மாதிரி ஓடும்.

"இறக்கிட்டா மழையில கிங்ஸ் சர்க்கிள் தண்ணியத் தாண்டுமா அண்ணே?" என்று கேட்காதவர் இல்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மி.மீ. கொட்டியதைப் பார்த்த ஊர் இது, பயம் புரிகிறது. ஆனால் சஸ்பென்ஷன் லிஃப்ட் அச்சை ஒரு நூல்கூட உயர்த்துவதில்லை. அச்சை உயர்த்துவது டயர் மட்டும்தான். ஓடிச் சூடேறிய அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகவும் அடைத்துப்போன பிரீதர் என்ற காற்றுத்துளை வழியாகவும் தண்ணீரை இழுக்கும். அடுத்த மாதம் டிஃபரன்ஷியல் ஆயிலை இறக்கிப் பார்த்தால் பால் கலந்த காபி நிறத்தில் வரும். இதற்கு மருந்து, பிரீதரில் ரப்பர் குழாய் மாட்டி எஞ்சின் அறைக்குள் உயரமாகக் கொண்டுபோவது. எஞ்சின் காற்றை இழுக்கும் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். இவை இரண்டையும் கவனித்தால் கம்பெனி உயரத்தில் இருக்கும் ஜிப்ஸியின் 210 மி.மீ. தரை இடைவெளி ஊருக்குள் தாராளம். முழங்கால் தண்ணீர் என்றால் எந்த உயர வண்டியானாலும் வீட்டில் நிற்கட்டும்.

உயரம் ஆளைக் கவிழ்க்கும் என்பதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இடது வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை எடுத்து, வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதனால் வகுத்தால் வரும் எண் குறையக் குறைய வண்டி கவிழ்வது எளிதாகும். ஜிப்ஸியில் இந்த அகலம் சுமார் 1300 மி.மீ.தான், உயரத்தை 100 மி.மீ. கூட்டினால் என்ன ஆகும் என்று பள்ளிப் பிள்ளையே கணக்குப் போடும். அமெரிக்காவில் ஜிப்ஸியின் நெருங்கிய உறவான சுசூகி சாமுராயை 1988-இல் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை திடீர்த் திருப்பத்தில் கவிழக்கூடியது என்று சொல்லி ஏற்கத்தகாதது என மதிப்பிட்டது. நிறுவனம் மறுத்தது, 1996-இல் வழக்குப் போட்டது, 2004-இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. கம்பெனி உயரத்திலேயே இவ்வளவு வாதம். ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலையில் 80-இல் போகும்போது குறுக்கே பைக் வந்தால் தூக்கிய வண்டியில் உட்கார்ந்திருப்பவர்களைத்தான் நான் நினைக்கிறேன்.

சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கும் ஆர்.சி.க்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. கையில் கிடைக்கும் ஜிப்ஸிகள் பல 15 வருஷத்தை ஒட்டியவை. பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்தியாக வேண்டும். அதற்கு முந்தின வாரம் ஓடி வராதீர்கள். பாகம் தேடவே நாள் பிடிக்கும்.

கடைசியாகச் செலவு குறைக்கச் சொல்லிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டயர், ராடு, ஷேக்கிள் எல்லாம் நல்ல பழையது கிடைத்தால் மாட்டித் தருகிறேன். யு போல்ட் மட்டும் புதிது. ஒருமுறை முழு இறுக்கம் பார்த்த யு போல்ட்டின் உலோகம் நீண்டிருக்கும். இரண்டாம் முறை அதே பிடி பிடிக்காது. புதிதை மாட்டி, நாலு நட்டையும் குறுக்காக மாற்றி மாற்றி முறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் கொண்டுவரச் சொல்லி மறுபடி முறுக்குகிறேன். அதற்குக் காசு வாங்குவதில்லை, ஆள் வராமல் இருந்துவிடக் கூடாது என்பதற்காக. கழற்றிய பழைய யு போல்ட்டுகளைக் கட்டரில் இரண்டாக அறுத்த பிறகுதான் பழைய இரும்பு வாங்கும் பங்கார்க்காரரிடம் கொடுக்கிறேன். முழுசாகப் போனால் யாராவது எடுத்து இன்னொரு வண்டியில் மாட்டிவிடுவார்கள்.