பாறையைப் படிக்கிற துறை

நிலம் நடுங்கினால், கிணறு வற்றினால், மலை சரிந்தால், குவாரிக்கு அனுமதி வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் ‘ஜியாலஜிக்காரங்க’ என்று ஒரே பெயரைச் சொல்லிவிடுகிறோம். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், பிரித்துச் சொல்கிறேன்.

நில அதிர்வைப் பதிவு செய்வது தேசிய நில அதிர்வு மையம். அது புவி அறிவியல் அமைச்சகத்தைச் சேர்ந்தது. நிலத்தடி நீரைக் கணக்கெடுப்பது மத்திய நிலத்தடி நீர் வாரியம். குவாரிக் குத்தகை, மாநிலக் கனிமவளத் துறையின் பொறுப்பு. இவற்றுக்கெல்லாம் மூத்தது இந்தியப் புவியியல் ஆய்வு மையம், அதாவது ஜி.எஸ்.ஐ. நிலக்கரி தேடுவதற்காக 1851-இல் கல்கத்தாவில் தாமஸ் ஓல்டம் தலைமையில் தொடங்கியது. தலைமையகம் இன்றும் அங்கேதான். இப்போது சுரங்க அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. 1951-இல் அதன் முதல் இந்திய இயக்குநராக வந்தவர் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன்.

நாட்டை ஆறு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நம்முடையது ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு மண்டலம். இந்த மண்டலங்களுக்குக் குறுக்கே ஐந்து ‘மிஷன்’கள் ஓடுகின்றன: கள ஆய்வு, கனிம மதிப்பீடு, தரவு, அடிப்படை ஆராய்ச்சி, பயிற்சி. என்ன வேலை என்பதை மிஷன் பார்த்துக்கொள்ளும். எந்த ஊரில், யாரைக்கொண்டு என்பதை மண்டலம் பார்த்துக்கொள்ளும். மாநில அரசுகள் தங்கள் தேவைகளைச் சொல்ல மத்திய புவியியல் திட்ட வாரியம் இருக்கிறது. ஆண்டுத் திட்டம் அங்கே பேசப்படுகிறது.

ஆனால் இந்தத் துறையின் உயிர் இருப்பது களத்தில். ஒரு புவியியலாளருக்கு ஒரு டோப்போ ஷீட்டை, அதாவது நில வரைபடத்தை, கொடுப்பார்கள். அதில் இரண்டு சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். ஒரு முழு ஷீட் ஏறக்குறைய 700 சதுர கிலோமீட்டர். சுத்தியல், லென்ஸ், சாய்வும் திசையும் அளக்கும் காம்பஸ், சாம்பிள் பைகள், இவ்வளவோடு ஓடைகளையும் குன்றுகளையும் நடந்தே பார்க்க வேண்டும். பாறை எந்தப் பக்கம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது, எங்கே ஒரு பாறை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டே போவார். புவி வேதியியல் வரைபடம் என்றால் ஒவ்வொரு சதுர கிலோமீட்டருக்கும் ஓடை மண்ணை அள்ள வேண்டும்.

மழைக்காலத்தில் அலுவலகம். கொண்டுவந்த கல்லை அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்ப்பார்கள். கருங்கல்கூட அந்த அளவில் ஒளியை ஊடுருவ விடும். நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளேயுள்ள கனிமங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். பார்க்கப் பார்க்கச் சலிக்காத காட்சி அது.

இப்படி நடப்பவர்கள் கண்ணில் தேடாததும் படும். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், ஜி.எஸ்.ஐ. அதிகாரிதான்.

கனிமத்தைத் தோண்டி எடுப்பது இந்தத் துறையின் வேலை அல்ல. இதைப் புரிந்துகொண்டால் பத்திரிகைச் செய்திகளைச் சரியாகப் படிக்கலாம். கனிம ஆய்வு ஜி4 என்ற கட்டத்தில் தொடங்கி, ஜி3, ஜி2 என்று நெருங்கி, ஜி1-இல் முழுமை பெறுகிறது. 2023-இல் ஜம்மு காஷ்மீரின் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியம் வளம் என்று அறிவித்தார்கள். அது ஜி3, அதாவது ஆரம்பக் கட்ட மதிப்பீடு. மறுநாளே வெட்டியெடுக்கலாம் என்பதுபோலச் செய்திகள் வந்தன. ஏலத்துக்கு விட்டபோது போதிய நிறுவனங்கள் முன்வராததால் அந்த ஏலம் ரத்தானது. துறை சொன்னது பொய்யில்லை. நாம்தான் நடுவிலுள்ள படிகளைப் பார்க்காமல் விட்டோம்.

நிலச்சரிவு வரைபடத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நீலகிரியில் எந்தச் சரிவுகள் ஆபத்தானவை என்று ஜி.எஸ்.ஐ. வரைந்திருக்கிறது. அந்த வரைபடமும் டோப்போ ஷீட் அளவில்தான். ஒரு வட்டாரத்தின் நிலையைச் சொல்லும். ஐந்து சென்ட் மனையில் வீடு கட்டலாமா என்று சொல்லாது. அதற்கு அந்த இடத்தையே தனியாக ஆராய வேண்டும். மலையில் மனை வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

புதுக் கண்டுபிடிப்பு அறிவிப்புகளைவிட, 170 ஆண்டுகளுக்கு மேலாக விடாமல் வரைந்துவரும் வரைபடங்களே இத்துறை நமக்குத் தந்த பெரிய சொத்து என்பேன். ‘பூகோஷ்’ என்ற அவர்களுடைய இணையத்தளத்தில் அவை பொதுமக்களுக்கும் கிடைக்கின்றன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, உங்கள் ஊர் எந்தப் பாறையின்மேல் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.