ஜன்னலோரத்தில் ஒரு பனங்காடை

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் பஸ் ஏறும் பிரயாணிகளில் பலர் மல்லூர் தாண்டுமுன்பே உறங்கிவிடுகிறார்கள். நஷ்டம் அவர்களுக்குத்தான்! சோளக்கொல்லை ஓரத்து மின்கம்பியில், கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு பழுப்பாக ஒரு பறவை உட்கார்ந்திருக்கும். அழகென்று சொல்லத் தோன்றாது. வெட்டுக்கிளியைக் கண்டு கீழே பாய்ந்ததோ இல்லையோ, சிறகிரண்டும் பளீரென்று நீலமாய் விரியும். அதுதான் பனங்காடை. பைனாகுலர் வேண்டாம், ஜன்னலோர ஆசனம் போதும்.

கோழிமுட்டைக்குப் பேர்போன இந்தச் சீமையில் பனங்காடை முட்டையிடுவது பட்டுப்போன பனையின் பொந்தில். உதவாத மொட்டைப் பனைதானே என்று வெட்டிவிட்டால், அதன் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும். 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, தொகை குறைந்துவருவதால் உலகச் சிவப்புப் பட்டியலுக்காக மறுபரிசீலனை செய்ய வேண்டியவை என்று குறித்த 14 பறவைகளில் பனங்காடையும் ஒன்று.