கூட்டத்தொடரின் கடைசி நாளும் நம் கடை வெல்லமும்



வெல்லத்தை மூட்டையாக விற்றால் குற்றமா? வடக்கனந்தல், கச்சிராயபாளையம் பகுதியில் மளிகைக் கடையும் மண்டியும் நடத்துவோருக்கு இந்தச் சந்தேகம் புதிதல்ல. ஆனால் 2024 ஜூன் மாதத்துக்குப் பிறகு அதன் கனமே வேறு. சட்டம் கடுமையாகிவிட்டது. அது எப்படி, எந்த நாளில், எவ்வளவு வேகமாகக் கடுமையானது என்பதை நம் உறுப்பினர்கள் அறிந்திருப்பது நல்லது.

2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தல் நடந்த ஆண்டு. பிப்ரவரியில் நிதிநிலை அறிக்கை வைக்கப்பட்டது. வழக்கமாக அதையடுத்து வாரக்கணக்கில் நடக்கும் துறைவாரியான மானியக் கோரிக்கை விவாதங்கள் தேர்தலுக்காகத் தள்ளிப் போயின. அவற்றுக்காகச் சட்டமன்றம் மீண்டும் கூடிய நாள் ஜூன் 20. முடிந்த நாள் ஜூன் 29. பத்தே நாளில் அத்தனை துறைகளும் வந்து போயின. ஒரு தொகுதியின் உறுப்பினருக்குப் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான் என்பதை இதிலிருந்தே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

அவை கூடுவதற்குச் சற்று முன்னர்தான் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் அந்தக் கொடுமை நேர்ந்தது. சாராயம் என்று வாங்கிக் குடித்தவர்களில் 65க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பார்வை போனவர்கள் வேறு. மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது, அதிகாரிகள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டார்கள் என்று நாமெல்லாம் மகிழ்ந்தோம். கருணாபுரமும் அந்த அதிகாரிகளின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அவையில் இதைப் பற்றிப் பெரும் கூச்சல் எழுந்தது. ஜூன் 26 அன்று அ.தி.மு.க. உறுப்பினர்கள் கூட்டத்தொடர் முடியும் வரை இடைநீக்கம் செய்யப்பட்டனர். கள்ளக்குறிச்சித் தொகுதியின் அப்போதைய உறுப்பினரும் அக்கட்சியைச் சேர்ந்தவரே. கட்சி நியாயத்துக்குள் நாம் போகவில்லை. வணிகர் சங்கத்துக்கு எல்லாக் கட்சியாரும் வாடிக்கையாளர்களே. மூன்று நாள் கழித்து, கடைசி நாளான ஜூன் 29 அன்று, 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தும் சட்டமுன்வடிவு அவையில் வைக்கப்பட்டு அன்றே நிறைவேறியது. ஜூலையில் ஆளுநரின் ஒப்புதலும் கிடைத்தது.

பொதுவாகவே கூட்டத்தொடரின் இறுதி நாள்களில்தான் சட்டமுன்வடிவுகள் வரிசையாக வரும். அறிமுகம், ஆய்வு, குரல் வாக்கெடுப்பு எல்லாம் மளமளவென்று முடியும். இடையில் சங்கங்கள் மனு எழுதி, உறுப்பினரைச் சந்தித்து, ஒரு சொல்லையாவது மாற்றச் சொல்வதற்கு நேரம் இருக்காது. இந்தத் திருத்தத்துக்கும் அவகாசம் இருக்கவில்லை. அத்தனை உயிர்கள் போன பிறகு அரசு காத்திருக்கவும் முடியாதுதான். இருந்தாலும் அதன் விளைவைத் தெரிந்து கொள்ள வேண்டியவர்களில் நாமும் உண்டு.

திருத்தம் சொல்வது என்ன? கள்ளச்சாராயத்தால் உயிரிழப்பு நேர்ந்தால், குற்றவாளிக்கு ஆயுள் காலக் கடுங்காவலும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கலாம். மற்றக் குற்றங்களுக்கும் தண்டனை கூட்டப்பட்டது. குற்றத்துக்குப் பயன்பட்ட அசையும் சொத்துகளைப் பறிமுதல் செய்யலாம். உரிமம் இல்லாத இடத்தில் மது அருந்த இடம் கொடுத்தால் அந்த இடத்தைப் பூட்டி முத்திரை வைக்கலாம். இந்தக் கடைசிச் சங்கதியை உணவுக்கடை, பெட்டிக்கடை வைத்திருப்போர் குறித்துக் கொள்ள வேண்டும். பின்கட்டில் நாலு பேர் உட்கார்ந்து குடிப்பதைக் கண்டும் காணாமல் இருப்பது இனி முதலுக்கே மோசம்.

வெல்லத்துக்கு வருவோம். மதுவிலக்குச் சட்டம் வெல்லத்தைத் தடை செய்யப்பட்ட சரக்காகச் சொல்லவில்லை. கடுக்காயையும் சொல்லவில்லை. ஆனால் சாராயம் காய்ச்சுவதற்கான பொருளையோ பாத்திரத்தையோ வைத்திருப்பது குற்றம் என்கிறது. கல்வராயன் மலையில் ஊறல் போடுவதற்கு வெல்லமும் கடுக்காயும் மரப்பட்டையும் பயன்படுவது ஊரறிந்தது. ஆகவே, ஒரே பண்டம் கடையில் சரக்கு, ஊறல் பானைக்குப் பக்கத்தில் சாட்சியம். நடுவில் உள்ள மலைப்பாதையில் மூட்டை பிடிபட்டால் அது என்ன? அங்கேதான் தொல்லை. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் கறுப்பு வெல்லம் விற்போர் படும் பாடும் இதுவே.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கருணாபுரத்தில் கொன்றது வெல்லமல்ல, மெத்தனால். அது தொழிற்சாலைச் சரக்கு. தின்னர், வார்னிஷ், பிசின் தயாரிப்புக்கு ஆவது. பார்வைக்கும் வாடைக்கும் ஏறத்தாழ நல்ல ஆல்கஹால் போலவே இருக்கும். உடலுக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்கும். சில தேக்கரண்டி அளவே உயிரைக் குடிக்கப் போதும். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் 20க்கும் மேற்பட்டோர் இறந்ததும் இதே மெத்தனாலால்தான். மலையில் காய்ச்சுவதும் குற்றமே, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் காவல் பார்வை வெல்ல மூட்டை மேலேயே நின்றுவிட்டால், பீப்பாயில் வரும் விஷம் வேறு வழியில் போய்விடும். மெத்தனாலை வைத்திருக்கவும் விற்கவும் 1959ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் தேவை. வண்ணப்பூச்சு, பாலிஷ் சாமான் விற்கும் நம் உறுப்பினர்கள் தங்கள் கடையில் உள்ள டின்களில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை லேபிளைப் படித்துப் பார்த்துவிடுங்கள். பெயர் தெரியாத கரைப்பானை மலிவாகக் கொடுக்கிறேன் என்று வரும் ஆளிடம் எதையும் வாங்காதீர்கள்.

மலைக்கு வெல்லம் போவதெல்லாம் ஊறலுக்குத்தான் என்று பேசுவதும் தவறு. என் தகப்பனார் மண்டி வைத்திருந்த நாளில், மலையாளி இன மக்கள் புளியும் கடுக்காயும் தேனும் கொண்டுவந்து போட்டுவிட்டு உப்பு, வெல்லம், துணி வாங்கிப் போவார்கள். காப்பிக்கு வெல்லம், திருவிழாப் பொங்கலுக்கு வெல்லம், கன்று ஈன்ற மாட்டுக்கு வெல்லம். இப்போது இயற்கை விவசாயம் செய்வோர் ஜீவாமிர்தம் கலக்கவும் வாங்குகிறார்கள். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக் கொண்டது. சாலையும் வேலையும் இல்லாத இடத்தில் சாராயம் தொழிலாகிவிடுகிறது என்பது அடிவாரத்து வியாபாரிக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நமக்கு உள்ள பாதுகாப்பு கணக்குப் புத்தகம்தான். சில்லறையாக எடைபோட்டு விற்கும் வெல்லத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய வெல்லத்துக்கு 5 சதவீதம் வந்தது. வரியில்லாத சரக்கு என்பதால் பில் போடும் பழக்கமும் நம்மிடம் இல்லாமல் போயிற்று. அது சரியல்ல. வரியில்லாச் சரக்குக்கும் பில் உண்டு. பதிவு பெற்ற வணிகர் 200 ரூபாய்க்குக் குறையாத விற்பனைக்கு 'பில் ஆஃப் சப்ளை' தர வேண்டும். மூட்டையாகக் கொடுத்தால் வாங்குபவர் பெயர், ஊர், எடை, தேதி எழுதி நகல் வைத்துக் கொள்ளுங்கள். பெயர் சொல்லத் தயங்குபவருக்கும், இரவில் வண்டி கொண்டுவந்து பத்து மூட்டை கேட்பவருக்கும் சரக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். அந்த லாபம் வேண்டாம்.

இனி சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டியது. கடைசி நாளில் கேட்டுப் பயனில்லை. மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் மானியக் கோரிக்கை எந்தத் தேதியில் வருகிறது என்று முன்னதாகவே விசாரித்து, அதற்கு இரண்டு வாரம் முன்பே மனுவைக் கையில் கொடுக்க வேண்டும். வாயால் சொல்லி வருவது கணக்கில் சேராது. மனுவில் இரண்டே கோரிக்கை போதும்: பில் வைத்து விற்ற வெல்லத்துக்காகக் கடைக்காரரை வழக்கில் சேர்ப்பதில்லை என்று துறை எழுத்துமூலம் அறிவுறுத்த வேண்டும். மெத்தனால் உரிமம் பெற்றோரின் இருப்பும் விற்பனையும் ஒழுங்காகச் சோதிக்கப்பட வேண்டும். அமைச்சர் அவையில் ‘செய்யப்படும்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அது நிறைவேறியதா என்று பின்னால் கேட்க அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அவர் சொன்ன தேதியை நாம் எழுதி வைத்திருக்க வேண்டும்.

மனுவில் கையொப்பமிட விரும்பும் வெல்லம், கடுக்காய், வண்ணப்பூச்சு வணிகர்கள் தங்கள் கடை முத்திரையுடன் சங்க அலுவலகத்துக்கு வரவும்.