கொல்லையிலே ஒரு குட்டிக் குளம்

கொல்லையில் குளம் வெட்டப் போவதாகச் சொல்லிப் பாருங்கள், "கொசு வரும், டெங்கு வரும்!" என்று வீடே திரண்டு எதிர்க்கும். பயம் நியாயமானதே. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நல்ல தண்ணீரில்தான் வளர்கிறது. முட்டை கொசுவாக மாற, கோடையில் 10 நாள்கூட வேண்டியதில்லை.

ஆனால், அது விரும்பித் தேடுவது பழைய டயர், கொட்டாங்கச்சி, மூடாத தொட்டி ஆகியவற்றையே. காரணம், அங்கே அதற்குப் பகைவர் இல்லை. உயிருள்ள குளத்திலோ, தட்டாரப்பூச்சியின் புழு நீருக்கடியில் பதுங்கியிருந்து கொசுப்புழுவை வேட்டையாடுகிறது!

5 அடி நீளம், 4 அடி அகலம், நடுவில் 2 அடி ஆழம் போதும். ஒரு பக்கம் சரிவாக இருக்கட்டும்; தவளை கரையேறவும் மைனா குளிக்கவும் அதுவே படித்துறை. அல்லியும் வேலம்பாசியும் நிழலும் மறைவும் தரும். ஆகாயத் தாமரை கூடவே கூடாது. நீர்ப்பரப்பு முழுவதையும் மூடிவிடும். அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கம்பூசியா மீனும் வேண்டாம்; கொசுப்புழுவோடு தலைப்பிரட்டைகளையும் அது தீர்த்துவிடும்.

தட்டான்கள் குடியேறும் வரை, வாரம் இருமுறை தண்ணீரை மொண்டு பாருங்கள். புழு நெளிந்தால் வலையால் அரித்தெடுத்து, வெயிலில் கொட்டிவிடுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று: முழங்கால் தண்ணீரும் தவழும் குழந்தைக்கு ஆபத்து. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், குளத்துக்கு முன்னால் கம்பிவலை தயாராகட்டும்.

பிறகு பொறுமையாகக் காத்திருங்கள். தட்டானும் தவளையும் அழையாமலே வரும். அதிர்ஷ்டமிருந்தால், ஒருநாள் மடையானும் வந்து ஒற்றைக்காலில் நிற்கும்!