துண்டுச் சீட்டில் அச்சடித்தால் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

வண்டி ஸ்டாண்டில் கொடுக்கிறார்களே, அந்தத் துண்டுச் சீட்டை நம்மில் எத்தனை பேர் படித்துப் பார்த்திருக்கிறோம்? ஒரு பக்கம் நம்பர். அதன் அடியில் பொடி எழுத்தில், "வாகனம் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல." மதுரையில் துணிக்கடை, தியேட்டர், ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் இதே பாட்டுத்தான். காசும் வாங்குவார்களாம், காவலுக்கு ஆளும் போடுவார்களாம், பொறுப்பு மட்டும் கிடையாதாம். நல்ல நியாயம்!

இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, வண்டியைப் பறிகொடுத்துவிட்டுப் பேசாமல் வீடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவும் அப்படித்தான் ஆட்டோவில் வந்து இறங்கினார். சித்திரைத் திருவிழாவுக்கு முந்தின வாரம், பிள்ளைகளுக்குத் துணி எடுக்க டவுனில் ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தார் (பெயர் இங்கே வேண்டாம்). கடையின் ஸ்டாண்டில் பத்து ரூபாய் கொடுத்தார். "நெருக்கி நிறுத்தணும், சாவியக் குடுத்துட்டுப் போங்கம்மா" என்று அந்த ஆள் கேட்டதால் சாவியையும் கொடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் ஸ்கூட்டர் இல்லை!

"ஏம்மா, சீட்டுலதான் போட்டிருக்குல்ல? படிக்கலையா?" இதுதான் கிடைத்த பதில்.

அந்த ஸ்கூட்டர் வெறும் வண்டியா? காலையில் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது அது. தைத்த ரவிக்கைகளைத் திருமங்கலம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அது. கடன் தவணை இன்னும் பாக்கி. இன்ஷூரன்ஸோ மூன்றாம் நபருக்கானது மட்டும். திருட்டுக்கு அதில் சல்லிக்காசு வராது.

ஆனால் அக்கா ஒரு விஷயத்தில் கெட்டி. "விசாரிக்கணும், டோக்கனக் குடுங்க" என்று மானேஜர் கேட்டபோது கொடுக்கவில்லை. "போட்டோ வேணா எடுத்துக்கங்க தம்பி, சீட்டு எங்கிட்டதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே போலீஸில் புகார் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கிவிட்டார்.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம் பொருளை ஒருவர் காபந்து பண்ண ஏற்றுக்கொண்டால், சாதாரண புத்தியுள்ள மனிதர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்திலேயே இது இருக்கிறது. 1998-ல் டில்லி தாஜ்மஹால் ஹோட்டலில் ஒருவர் தமது மாருதி ஜென் காரை ஹோட்டல் ஆளிடம் ஒப்படைத்தார். அது திருடு போனது. அங்கேயும் சீட்டில் "உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்" என்றுதான் இருந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. வண்டியைக் கையில் வாங்கிய பிறகு, தன் கவனக்குறைவுக்கும் தன் ஆட்களின் கவனக்குறைவுக்கும் பொறுப்பில்லை என்று ஹோட்டல் அச்சடித்துத் தப்பிக்க முடியாது என்றது கோர்ட். கவனமாகத்தான் பார்த்துக்கொண்டோம் என்பதை ஹோட்டல்தான் முதலில் காட்ட வேண்டுமாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வழக்கில் சாவி கை மாறியிருந்தது. நாமே பூட்டி, சாவியை நாமே எடுத்துப் போயிருந்தால், "இடம்தான் வாடகைக்குக் கொடுத்தோம், வண்டியை நாங்கள் வாங்கவில்லை" என்று எதிர்த் தரப்பு வாதாடும். அப்போது வழக்கு கொஞ்சம் கடினம்தான். டோக்கனைக் காட்டினால்தான் வண்டியை வெளியே விடுவார்கள் என்ற ஏற்பாடு இருந்தால் அதை வலியுறுத்திச் சொல்லலாம்.

அக்காவும் நானும் உட்கார்ந்து முதலில் ஒரு நோட்டீஸ் எழுதினோம். தேதி, நேரம், டோக்கன் நம்பர், வண்டி நம்பர், கொடுத்த காசு, கேட்கும் தொகை. அழுகை, வசவு எதுவும் கிடையாது. காமிராப் பதிவை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தோம். (இது ரொம்ப முக்கியம். பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும்.) கடைக்கு ஒன்று, ஸ்டாண்டுக் குத்தகைதாரருக்கு ஒன்று என்று ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினோம். இருவரையும் சேர்க்காவிட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார். பதினைந்து நாள் பார்த்தோம், பதிலே இல்லை.

பிறகுதான் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 2019-ம் வருஷச் சட்டத்தில் ஒரு பெரிய உபகாரம், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். மேலூர்க்காரப் பெண்ணுக்குச் சென்னையில் வண்டி போனாலும் மதுரையிலேயே வழக்குத் தொடுக்கலாம். எதிர்த் தரப்பு பதில் தர 30 நாள். மிஞ்சிப் போனால் இன்னும் 15 நாள்.

வாய்தா, வாய்தா என்று அலைச்சல் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். தையல் வேலை பாதிநாள் கெடும். பதினோராவது மாதம் சமரசப் பேச்சுக்குக் கடைக்காரர் வந்தார். கேட்டது முழுக்கக் கிடைக்கவில்லை. ஆனால் கடன் அடைந்தது. பழைய வண்டி ஒன்று வாங்கவும் மிச்சம் இருந்தது.

கட்டணத்தைக் கூட்டி வாங்குவது தனி வியாதி. தியேட்டர்களுக்கு 2017-ல் தமிழக அரசு ஒரு வரம்பு போட்டது: மாநகராட்சிப் பகுதியில் காருக்கு 20 ரூபாய், இரு சக்கர வண்டிக்கு 10 ரூபாய். கட்டணப் பலகை எங்கே என்று கேளுங்கள், ரசீது கேளுங்கள், இரண்டையும் போட்டோ எடுங்கள். பத்து இருபது ரூபாய் விவகாரத்துக்குக் கோர்ட் வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம்.

பிள்ளைகள் இங்கிலாந்தில் இருக்கும் வாசகிகளுக்கும் ஒரு வார்த்தை. நம் ஊரில் வழக்குப் போடுவது நாம். அங்கே தனியார் பார்க்கிங் கம்பெனியே நம் பிள்ளைகள் மேல் வழக்குப் போடும்! இரண்டு மணி நேரம் இலவசம் என்ற இடத்தில் 56 நிமிஷம் கூடுதலாக நின்றதற்கு 85 பவுன் கேட்டது செல்லும் என்று 2015-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அறிவிப்புப் பலகைகள் பெரிதாக, தெளிவாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம். ஆகவே கோர்ட் கடிதம் வந்தால் குப்பையில் போடக் கூடாது. 14 நாளுக்குள் பதில் தர வேண்டும். வழக்கை எதிர்க்கப் போவதாக அதற்குள் தெரிவித்தால், எதிர்வாதம் எழுத 28 நாள் வரை கிடைக்கும். சும்மா இருந்தால் ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும். அதை ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆறு வருஷம் பதிவில் நின்று, வீட்டுக் கடனுக்குப் போகும்போது இடிக்கும்.

லண்டனில் இருக்கும் என் நாத்தனார் மகளுக்கு இப்படி ஒன்று வந்தது. அவள் பதறவில்லை. அதே இடத்துக்குப் போய், அறிவிப்புப் பலகை மரக்கிளைக்குப் பின்னால் மறைந்திருந்ததைப் படம் எடுத்து எதிர்வாதத்தோடு அனுப்பினாள். விசாரணைத் தேதிக்கு முன்பே கம்பெனி வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டது.