மூன்று மில்லி விநாடிக் கெடு

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் வழியாக முதல் சில ஆண்டுகளில் வந்த கணினிகள் பெரும்பாலும் ஒரே வாகு: இரண்டு கோர் பிராசசர், 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். கடலூர் மாவட்டத்தின் திட்டக்குடி, பெண்ணாடம், தொழுதூர் வட்டாரத்தில் பல வீடுகளுக்குள் முதன்முதலில் நுழைந்த கணினியே அதுதான். பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போனபின் லேப்டாப் பீரோ மேல் ஏறிவிட்டது. இசையில் நாட்டமுள்ள தம்பியோ தங்கையோ அதைக் கீழே இறக்கி, ஒரு மிடி கீபோர்டைச் செருகி, பியானோ ப்ளக்-இன் ஒன்றைத் திறந்து வாசித்தால் கொஞ்ச நேரத்தில் டிக் டிக் என்று சத்தம் உடைகிறது. கடையில் கேட்டால், "பழைய மெஷின், ஸ்பீடு பத்தாது, புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். சிடி தரத்தில் ஒலி என்பது விநாடிக்கு 44,100 எண்கள். 2 கிகாஹெர்ட்ஸ் பிராசசரில் விநாடிக்கு 200 கோடித் துடிப்புகள். வகுத்தால், ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் ஒரே ஒரு கோருக்குச் சுமார் 45,000 துடிப்புகள் கிடைக்கின்றன. சாதாரண ஈக்வலைசர் ஒன்றுக்கு அதில் சில பத்துகள் போதும். வலு குறைவு என்று இந்த மெஷினைச் சொல்லவே முடியாது.

பிறகு ஏன் உடைகிறது? ஒலிக்குக் கெடு உண்டு. இணையப் பக்கம் அரை விநாடி தாமதமாகத் திறந்தால் நமக்குப் பெரிதாகத் தெரியாது. ஒலி அட்டையோ 128 எண்கள் கொண்ட ஒரு கட்டைக் கேட்டு வாங்கி ஒலிக்கவிட்டு, 2.9 மில்லி விநாடியில் அடுத்த கட்டைக் கேட்கிறது. இப்படி ஒரு விநாடியில் 344 தடவை. அதில் 343 கட்டுகள் நேரத்துக்கு வந்து ஒன்றே ஒன்று பிந்தினாலும் காதில் டிக் என்று விழும். திரையில் தெரியும் சிபியு அளவு வெறும் சராசரி. "40 சதவீதம்தானே காட்டுது, அப்புறம் எப்படி உடையுது?" என்று குழம்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது, மிக மோசமாகப் பிந்திய அந்த ஒரு கட்டைத்தான்.

இங்கே உதவிக்கு வருவது பஃபர், அதாவது எண்களைச் சேர்த்து வைக்கும் அந்தக் கட்டு. திட்டக்குடிக்காரர்களுக்கு வெலிங்டன் ஏரியைச் சொன்னால் போதும். வெள்ளாற்றில் தண்ணீர் வரும்போது புரண்டு வரும், மற்ற நாளில் மணல்தான் தெரியும். வயலுக்குப் போகும் வாய்க்கால் சீராக ஓட வேண்டும். தொழுதூர் அணைக்கட்டிலிருந்து வரும் நீரை ஏரி வாங்கி வைத்துக்கொண்டு அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குகிறது. பிராசசரின் வேக ஏற்ற இறக்கத்தை பஃபர் அப்படித்தான் தாங்குகிறது. பஃபரை 128இலிருந்து 1024க்கு ஏற்றினால் கெடு 23 மில்லி விநாடியாக நீளும், சத்தம் உடைவது பெரும்பாலும் நின்றுவிடும்.

அதற்கு விலை தாமதம். கட்டையை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் நாதம் வரும். எவ்வளவு தாமதம் பொறுக்கலாம் என்பதை நம் மேளக்காரர்களை வைத்தே சொல்லலாம். 35 டிகிரி வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 352 மீட்டர் போகிறது. நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் ஒருவர் சத்தம் மற்றவர் காதுக்கு எட்ட 4 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. அந்தத் தாமதத்தோடுதான் அவர்கள் பிசிறில்லாமல் வாசிக்கிறார்கள். 128க்கான 3 மில்லி விநாடி அதைவிடக் குறைவு. 1024க்கான 23 மில்லி விநாடி என்றால், நீங்கள் வாசிக்கும் பியானோ 8 மீட்டருக்கு அப்பால் இருந்து கேட்பதற்குச் சமம், விரல் தடுமாறும். ஆகவே வாசித்துப் பதியும்போது பஃபர் 128 அல்லது 256, மிக்ஸ் செய்யும்போது 1024 அல்லது 2048. இந்த ஒரு மாற்றத்துக்குக் காசு செலவில்லை. விண்டோஸில் ஆசியோ டிரைவர் வழியாக ஒலியை விடுவதும் முக்கியம். ப்ளக்-இன்களுக்கான விஎஸ்டி முறையை 1996இல் கொண்டுவந்த ஜெர்மன் நிறுவனம் ஸ்டெய்ன்பெர்க், மறு ஆண்டே ஆசியோவையும் கொடுத்தது, விண்டோஸின் சுற்றுவழியைத் தவிர்ப்பதற்காக.

இனி, எந்த ப்ளக்-இன் அந்த 45,000 துடிப்பையும் தின்கிறது என்ற கேள்வி. முதல் குற்றவாளி பெரும்பாலும் எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப், அதிலும் கன்வலூஷன் ரிவெர்ப். திட்டக்குடி வைத்தியநாத சுவாமி கோயில் போன்ற கல் மண்டபத்தில் ஒரு பலூனை உடைத்துப் பதிவு செய்தால், அந்த ஓர் அதிர்வுக்குக் கல்லும் தூணும் தரும் பதில் முழுவதும் கிடைத்துவிடும். பதில் அடங்க 3 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம், 1,32,300 எண்கள். வீட்டில் பாடிய குரலின் ஒவ்வொரு எண்ணோடும் இவை அனைத்தையும் பெருக்கிக் கூட்டினால் குரல் மண்டபத்துக்குள் போய் நின்றுவிடும். அருமையான வித்தை. நேரடியாகச் செய்தால் விநாடிக்கு 583 கோடிப் பெருக்கல், அதுவும் ஒரு சேனலுக்கு.

கூலியும் டுக்கியும் 1965இல் வெளியிட்ட எஃப்எஃப்டி கணக்கு இந்தச் சுமையை நூற்றுக்கணக்கான மடங்கு குறைக்கும். ஆனால் அதில் எண்களைப் பெரிய கட்டாகச் சேர்த்த பிறகே கணக்கைத் தொடங்க முடியும். சேர்க்கும்வரை பாடகர் காத்திருக்க வேண்டும். எம்ஐடியில் இருந்த வில்லியம் கார்ட்னர் 1995இல் ஒரு வழி சொன்னார்: மண்டபத்தின் பதிலைத் துண்டு போடு, தொடக்கத்துக்குச் சின்னத் துண்டு, பின்பகுதிக்குப் பெரிய துண்டு. தாமதம் போனது. இருந்தாலும் பெரிய துண்டின் முறை வரும்போது வேலை மொத்தமும் ஒரே நேரத்தில் வந்து விழுகிறது. சராசரி குறைவாகக் காட்டும்போதே சத்தம் உடையும் மர்மம் பல நேரம் இதுதான்.

பழைய மெஷினுக்கு நான் மனதார நம்பிப் பரிந்துரைப்பது, எஃப்எஃப்டியைவிடவும் பழைய ஒரு கணக்கை. பெல் ஆய்வுக்கூடத்தில் மன்ஃப்ரெட் ஷ்ரோடர் 1960களின் தொடக்கத்தில் எழுதியது. ஒலியைச் சில தாமதச் சுற்றுகளுக்குள் விடு. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தேய்ந்து திரும்பி வரட்டும். சுற்றுகளின் நீளம் ஒன்றோடொன்று வகுபடாமல் இருக்கட்டும், அப்போது எதிரொலிகள் ஒரே இடத்தில் மோதாமல் பரவும். இந்த வழியில் வந்த ஃப்ரீவெர்ப் என்ற இலவச நிரலில் ஒரு சேனலுக்கு எட்டுச் சுற்றுகள், அவற்றின் பின்னால் நான்கு வடிகட்டிகள். மிகக் குறுகிய சுற்று 1,116 எண்கள், அதாவது 25 மில்லி விநாடி. மிக நீண்டது 1,617. ஓர் எண்ணுக்குச் சில பத்துப் பெருக்கல் கூட்டலில் வேலை முடிகிறது. அந்த 1,32,300ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறிப்பிட்ட அந்த மண்டபம் இதில் வராது, உண்மை. பாடுகிறவருக்குக் காதில் கொடுக்க இது தாராளம். பாடி முடித்தபின், கெடு இல்லாத நேரத்தில், கன்வலூஷனைப் போட்டு மெதுவாக ரெண்டர் செய்துகொள்ளலாம். மெஷின் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டாலும் வரும் ஒலி புதுக் கணினியில் வருவதுதான், ஓர் எண்கூட மட்டமில்லை.

எந்த ரிவெர்ப் ஆனாலும் டிராக்குக்கு ஒன்றாகப் போடாமல், தனிச் சேனலில் ஒன்றை வைத்து எல்லா டிராக்கையும் அதற்கு அனுப்பினால் பத்து வேலை ஒன்றாகிவிடும். எல்லா வாத்தியமும் ஒரே கூடத்தில் ஒலிப்பதால் காதுக்கும் அதுவே நல்லது.

ரிவெர்பில் இன்னொரு விந்தை உண்டு. பாட்டு முடிந்து அமைதியான பிறகு, சிபியு அளவு திடீரென்று ஏறும். ஒலியே இல்லாதபோது எதற்கு உழைப்பு? தேய்ந்துகொண்டே போகும் எதிரொலி பூச்சியத்தைத் தொடுவதில்லை. சின்ன எண்ணாகிக்கொண்டே போகிறது. 32 பிட் தசம எண்ணின் இயல்பான கீழ் எல்லை, ஏறத்தாழ 10இன் அடுக்கு மைனஸ் 38. அதற்கும் கீழே போகும் எண்களைப் பல பிராசசர்கள் தனி வழியில் கையாள்கின்றன. ஒரு பெருக்கலுக்கு நூறு துடிப்புக்கு மேல்கூட ஆகிவிடும். 3 விநாடியில் 60 டெசிபல் தேயும் ரிவெர்ப் அந்த எல்லையைத் தொடுவது, உரத்த ஒலி நின்று சுமார் 38 விநாடி கழித்து. காதுக்கு எட்டாத, எந்த ஸ்பீக்கராலும் ஒலிக்க முடியாத எண்களுக்காக மெஷின் மூச்சு வாங்குகிறது! இன்றைய ப்ளக்-இன்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட எண்களை நேராகப் பூச்சியமாக்கிவிடும். பழைய இலவச ப்ளக்-இன்களில் சில அப்படிச் செய்வதில்லை. அமைதியில் அளவு ஏறுகிறதென்றால் அந்த ப்ளக்-இனை மாற்றிவிடுவதே நல்லது.

பியானோ, வயலின் கூட்டம் போன்ற சாம்பிள் ப்ளக்-இன்களில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 88 கட்டை, ஒவ்வொன்றுக்கும் பத்து அழுத்த நிலை, ஒவ்வொரு பதிவும் 15 விநாடி, 24 பிட் ஸ்டீரியோ: மொத்தம் 3.5 ஜிபி. 2 ஜிபி ரேமில் இதை ஏற்ற வழியில்லை. 1998 வாக்கில் வந்த கிகாசாம்ப்ளர் இதற்கு விடை கண்டது. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வை, அது ஒலிக்கும்போது மிச்சத்தை டிஸ்கிலிருந்து எடு. தொடக்க அரை விநாடி மட்டும் என்றால் அதே பியானோ 116 எம்பியில் அடங்கும். ஆனால் சுழலும் டிஸ்க், நிமிடத்துக்கு 5,400 சுற்று என்றால், வேண்டிய இடம் சுற்றி வரவே சராசரியாக 5.6 மில்லி விநாடி பிடிக்கிறது. பத்து விரல் ஒரே நேரத்தில் விழுந்தால் என்னவாகும் என்று யோசியுங்கள். பழைய லேப்டாப்பில் செலவு செய்வதென்றால் முதல் செலவு ஒரு சின்ன எஸ்எஸ்டி. ரேம் கூட்ட இடமிருந்தால் அது அடுத்தது.

இரண்டு கோர் இருந்தும் ஒன்றுதான் திணறுகிறது என்பது அடிக்கடி கேட்கும் புகார். ஒரே டிராக்கில் ஈக்வலைசர், கம்ப்ரசர், டிலே என்று வரிசையாகப் போட்டால் முன்னது முடிந்தால்தான் பின்னது தொடங்க முடியும். அந்த வேலையை இரு கோருக்கும் பங்கு போட இயலாது. நீளமான வரிசையை உடைத்து, முடிந்துபோன டிராக்கை ஃப்ரீஸ் செய்து வெறும் ஒலிக் கோப்பாக்கிவிடுங்கள். திரும்பத் திரும்ப அதே கணக்கைப் போட வைப்பதில் எந்தப் பயனும் இல்லை. சாச்சுரேஷன் ப்ளக்-இன்களில் 'ஓவர்சாம்ப்ளிங்' நான்கு மடங்கு என்றிருந்தால் வேலையும் நான்கு மடங்கு. அது வேண்டாத ஆடம்பரம் அல்ல: 15,000 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து பிறக்கும் 30,000 ஹெர்ட்ஸ் இடம் போதாமல் மடங்கி 14,100இல் அபசுரமாக விழுவதை அது தடுக்கிறது. ரெண்டர் செய்யும்போது மட்டும் அதை இயக்கினால் போதும்.

வெயிலை மறந்துவிடக் கூடாது. கடலூர் மாவட்டத்தின் இந்த மேற்கு மூலையில் மே மாத அறைச் சூடு மெஷினுக்கு எதிரி. உள்ளே 100 டிகிரியை நெருங்கும்போது பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மதியம் உடையும் பாட்டு காலையில் உடையாமல் ஓடுவது அதனால்தான். ஃபேனில் அடைந்த தூசியை எடுத்து, பிராசசர் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவச் சொல்லுங்கள். பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்துக்காரர்கள் அந்தப் பசையைச் சொந்தம் கொண்டாடலாம்: அதன் பல வகைகளில் கலந்திருப்பது அலுமினா, துத்தநாக ஆக்சைடு போன்ற பீங்கான் பொடி. சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது.

வாசிக்கும்போது வைஃபையை அணைத்துவிடுங்கள்; அதன் டிரைவர் சில நேரம் பிராசசரைப் பல மில்லி விநாடி பிடித்து வைத்துக்கொள்ளும். லினக்ஸ் பக்கம் போக விருப்பமிருந்தால் இது நல்ல காலம். குறித்த நேரத்துக்குள் பதில் தரும் வசதி ஏறக்குறைய 20 ஆண்டு உழைப்புக்குப் பின், 2024 நவம்பரில் வெளிவந்த 6.12 பதிப்பில் லினக்ஸின் மூலக் கருவிலேயே சேர்ந்துவிட்டது.

முடியாததும் இருக்கிறது. கிட்டார் ஆம்ப்ளிஃபயரை நியூரல் நெட்வொர்க்கால் நடித்துக் காட்டும் ப்ளக்-இன்களில் கனமானவை நேரலையில் இந்த மெஷினில் ஓடாது. அதைவிடக் கடுமையான சுவர் ஒன்று உண்டு: புதிய ப்ளக்-இன்கள் சில ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுதியைக் கேட்கின்றன. அந்தக் கால பென்டியம் பிராசசர்களில் அது கிடையாது. பஃபரை எவ்வளவு ஏற்றினாலும் ப்ளக்-இன் திறக்காது. 32 பிட் விண்டோஸில் 64 பிட் ப்ளக்-இன்னும் அப்படியே. ஆகவே ஒத்துப்போகும் பதிப்பு ஒன்று கிடைத்து நன்றாக ஓடினால், அதன் நிறுவல் கோப்பை ஒரு பென் டிரைவில் உடனே எடுத்து வையுங்கள். அடுத்த முறை தேடும்போது தயாரித்தவர்களின் தளத்தில் அந்தப் பதிப்பு இருக்கும் என்று உறுதியில்லை.