பற்றாசும் பசையும்

இரண்டு குறள் வெண்பாக்களைத் தனிச்சொல்லால் இணைக்கையில், இடைவெளியை நிரப்ப ஓரிரு அசைகள் சேர்ந்தால் அது ஆசிடை நேரிசை வெண்பா. அவ்வசைகளுக்கு, உலோகங்களை ஒட்டவைக்கும் பற்றாசினை உரைகாரர் உவமையாகக் காட்டினர். அப்பற்றாசு, இன்று பசை வடிவில் மின்னணுப் பலகைகளை உருவாக்குகிறது.

நுண்ணிய உலோகக் கோளங்களும் இளக்கியும் கலந்ததே பற்றாசுப் பசை. 1.6 மி.மீ. நீளமும் 0.8 மி.மீ. அகலமும் மட்டுமே கொண்ட மின்தடையைக் கம்பிப் பற்றாசினால் இணைத்தல் கடினம். எனவே, துளைத்தகட்டின் வழியே செப்புத் திட்டுகளில் பசையைப் பூசி, இடுக்கியால் உறுப்புகளை வைத்துப் பலகையைச் சூடேற்றுவர். முதலில் இளக்கி செயற்பட்டு, உலோகப் பரப்பிலுள்ள ஆக்சைடு படலத்தை நீக்கும். 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கொண்ட கலவை 183° செல்சியசில் உருகும். அப்போது பரப்பு இழுவிசை, சற்றே விலகிய உறுப்பையும் உரிய இடத்திற்கு இழுத்து நிறுத்தும். ஒரு முனை மட்டும் முந்தி உருகினாலோ, அதே விசை உறுப்பை நடுகல்போல் நிமிர்த்திவிடும். சீரான வெப்பமே இதனைத் தவிர்க்கும் வழி.

காரீயம் நஞ்சு. ஆதலால், வீட்டில் இப்பணியைச் செய்வோர் சமையற்கலன்களைப் பயன்படுத்தலாகாது. காற்றோட்டமான இடத்தில் பணிபுரிந்து, முடிவில் கைகளை நன்கு கழுவுதல் வேண்டும்.